மகாராணியை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

எங்கள் குடும்பத்தில் எலிசபெத் மகாராணியைப் பார்த்த ஒரே ஆள் அப்பாயி, அப்பாவின் அம்மா. அவரும் பார்த்தது ஒரு வெள்ளைக் கையுறையைத்தான்.

1954 ஏப்ரல். முடிசூட்டி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கப்பலில் கொழும்புக்கு வந்த மகாராணி கண்டி, நுவரெலியா என்று மலைநாட்டுப் பக்கமும் வந்தார். அப்பாயிக்கு அப்போது பதினாலு வயது, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கப் பேர் பதிந்திருந்த நேரம். தோட்டத்து லொறியில் ஏற்றிக்கொண்டுபோய் நுவரெலியா ரோட்டோரம் நிறுத்திவிட்டார்களாம். மடியில் மடித்துக் கட்டிய ரொட்டியோடு மத்தியானம் வரைக்கும் நின்றிருக்கிறார். கார் வந்தது, போனது. "கைய ஆட்டிச்சி, கை மட்டுந்தான் தெரிஞ்சிச்சி. அதுக்குள்ள கங்காணி தலப்பா மறைச்சிருச்சி" என்பார். அன்றைக்கு அரைப் பேரா முழுப் பேரா, அதாவது அரை நாள் சம்பளமா முழு நாள் சம்பளமா என்று கணக்கப்பிள்ளையோடு நடந்த சண்டைதான் மகாராணியைவிட அவருக்கு நன்றாக ஞாபகம்.

கொழும்பில் பாராளுமன்றத்தைத் திறக்கும்போது அவர் முடிசூட்டு விழாவுக்குத் தைத்த உடுப்பையே உடுத்தியிருந்தார் என்று பிறகு படித்தேன். அதில் இலங்கைக்காகத் தாமரைப் பூ தைத்திருந்தார்களாம். 1952இலிருந்து 1972 மே மாதம் குடியரசாகும் வரை அவர் இங்கிலாந்துக்கு மட்டுமல்ல, இலங்கைக்கும் மகாராணி. 1954இல் புழங்கிய ரூபாய்த் தாளிலும் அவர் முகம் இருந்தது. இங்கேயே பிறந்த அப்பாயியோ, இந்திய வம்சாவளி என்பதால், 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர். இதை ஒருநாள் விளக்கிச் சொன்னேன். "அவுகளுக்கு எழுதிக் குடுக்க ஆள் இருந்திச்சி" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடிக்கப் போய்விட்டார்.

கண்டியிலிருந்து ஒருவர் எழுதியது:

நான் பார்த்தது 1981 அக்டோபரில். சின்னப் பையன், அப்பா தோளில் உட்கார்ந்திருந்தேன். தொப்பி தெரிந்தது, அப்புறம் கொடிகள்தான். அந்த முறை அவர் வந்தது சர்வஜன வாக்குரிமை கிடைத்த ஐம்பதாவது வருஷக் கொண்டாட்டத்துக்கு, அதாவது 1931 கணக்கு. என்னைத் தூக்கி வைத்திருந்த அப்பாவுக்கு அன்றைக்கு ஓட்டு இல்லை! மலையகத் தமிழரின் பிரஜாவுரிமை பற்றி இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருந்த ஆள். எதற்குக் கொண்டாட்டம் என்று அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று நான் கேட்கவே இல்லை. திரும்பும் வழியில் எனக்கு ஐஸ் பழம் வாங்கிக் கொடுத்தார், அது மட்டும் உறுதியாக ஞாபகம் இருக்கிறது.

பண்டாரவளையிலிருந்து இன்னொருவர்:

நான் பார்க்கவில்லை. ஆனால் எங்கள் தாத்தாவுக்கு மகாராணி என்றால் விக்டோரியாதான், அவர் செத்து எத்தனையோ வருஷத்துக்குப் பிறகும். எங்கள் ஆட்களைக் கோப்பித் தோட்டத்துக்குக் கூட்டி வந்தது அந்த ராணி காலத்தில் என்பதால் இருக்கலாம். எலிசபெத்தைச் "சின்ன ராணி" என்பார். எழுபது வருஷம் ஆண்டு, விக்டோரியாவின் அறுபத்து மூன்றையும் தாண்டிய பிறகும் தாத்தா வாயில் அவர் சின்ன ராணிதான்.

தொடங்கிய நானே திரும்ப:

2022 செப்டம்பர் 19, இறுதிச் சடங்கு. அரசாங்க அலுவலகங்களுக்கெல்லாம் லீவு. எங்கள் பக்கம் வழக்கம்போலக் கொழுந்தெடுக்க மலைக்குப் போனார்கள். அப்பாயியை இஸ்தோப்பிலிருந்து (வாசல் திண்ணையிலிருந்து) கூட்டி வந்து டீவி முன்னால் உட்கார வைத்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார். தொண்ணூற்றாறு வயது என்றேன். "பெரிய ஆயுசு" என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் சித்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்ததும் அவர் பக்கம் திரும்பிக் கேட்டார்:

"இன்னக்கி முழுப் பேர்தானே போட்டாங்க?"