1955 ஒரு சதம்: ராணியின் தோளில் மடிப்பு இல்லை, பெறுமதி உண்டா?

ஸ்காபரோவான்:
அவசர உதவி. அப்பா சில்லறை போட்டு வைத்த போத்தலைக் கொட்டியபோது 1955 கனேடிய ஒரு சதக் குத்தி ஒன்று வந்தது. அந்த வருடத்தில் எலிசபெத் ராணியின் தோளில் உடையின் மடிப்பு இல்லாத குத்தி நல்ல விலை போகும் என்று நண்பன் சொல்கிறான். என்னுடையதில் மடிப்பு தெரியவில்லை. நாளைக்கு ஒருவர் வாங்க வருகிறார். எவ்வளவு கேட்கலாம்?

வடலி:
படம் எங்கே? இரண்டு பக்கமும் போடுங்கோ. தேய்ந்ததா, எழுத்தெல்லாம் கூராக இருக்கிறதா?

செம்புமணி:
முதலில் காந்தம் வைத்துப் பாருங்கள். எந்தச் சதம் கிடைத்தாலும் நான் அதைத்தான் முதலில் செய்வேன்.

நாணயம்67:
1955க்குக் காந்தம் எதற்கு? அது 98 வீதம் செம்பு, எந்த வகையென்றாலும் ஒட்டாது. காந்தச் சோதனை கடைசிக் காலத்து உருக்குக் குத்திகளுக்கு. எத்தனை தரம் சொல்வது?

தம்பி, கவனமாகக் கேள். 1953இல் சிற்பி மேரி கில்லிக் செய்த ராணியின் உருவம் மேடு கூடியதால் அச்சில் சரியாக விழவில்லை. கனேடிய நாணயச்சாலையின் செதுக்குநர் தோமஸ் ஷிங்கிள்ஸ் அதைத் திருத்தினார், அதன் பிறகுதான் தோள் மடிப்பு தெளிவாக வந்தது. 1955இல் கொஞ்சக் குத்திகள் பழைய அச்சில் விழுந்துவிட்டன. அவைதான் அரிது. 1953 என்றால் மடிப்பில்லாததும் தாராளமாகக் கிடைக்கும்.

ஆனால் தேய்ந்த குத்தியில் மடிப்பு தானாகவே அழிந்துபோகும். அதனால் தோளை விட்டுவிட்டு எழுத்தைப் பார். ராணியின் பெயருக்குப் பின்னால் வரும் சொற்களில் ஆங்கில 'ஐ' (I) எழுத்து உடுக்கை மாதிரி இரண்டு முனையும் விரிந்து இடை ஒடுங்கியிருந்தால் மடிப்பில்லாதது. தீக்குச்சி மாதிரி நேராக நின்றால் சாதாரணம்.

ஸ்காபரோவான்:
நன்றி அண்ணா. சொல்ல மறந்துவிட்டேன், கறுத்துக் கிடந்ததால் பழப்புளி போட்டு உரஞ்சினேன். இப்போது பளபளவென்று இருக்கிறது.

நாணயம்67:
ஐயோ, அது குத்துவிளக்கா? உரஞ்சிய குத்தியைச் சேகரிப்பவர்கள் ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். உண்மையான மடிப்பில்லாததாக இருந்தாலும் விலை விழுந்துவிடும்.

வடலி:
தெரியாமல்தானே செய்தார், அண்ணா. கொஞ்சம் மெதுவாகச் சொல்லலாம்.

செம்புமணி:
செம்பு விலைக்காவது போகும். 1996 வரையான செம்புச் சதங்களை நான் தனியாகச் சேர்க்கிறேன், ஒருநாள் உருக்கக் கொடுக்கலாம்.

மார்க்கம் அக்கா:
அனுமதிப்பத்திரம் இல்லாமல் உருக்குவது சட்டப்படி குற்றம். 2013 பெப்ரவரி 4இல் விநியோகம் நின்றாலும் சதம் இன்னும் செல்லுபடியான காசுதான்.

செம்புமணி:
செல்லுபடியென்றால் கடைக்காரர் ஏன் வாங்க மறுக்கிறார்? ஒரு டொலருக்குச் சதமாகவே நீட்டினேன், திருப்பித் தள்ளிவிட்டார்.

மார்க்கம் அக்கா:
25 சதத்துக்கு மேல் சதக் குத்தியாகக் கொடுத்தால் வாங்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. ஐம்பது ஐம்பதாகச் சுற்றி வங்கியில் கேட்டுப் பாருங்கள்.

செம்புமணி:
அப்படியென்றால் அது என்ன செல்லுபடி?

வடலி:
இதற்குத் தனி இழை திறவுங்கோ. தம்பி, 'ஐ' பார்த்தீர்களா? பார்க்காமல் நாளைக்கு விற்க வேண்டாம்.

ஸ்காபரோவான் (மறுநாள்):
பூதக்கண்ணாடியால் பார்த்தேன். தீக்குச்சிதான். வாங்க வந்தவரிடம் சொல்லி அனுப்பிவிட்டேன். போத்தலின் அடியில் 1925 ஒன்றும் இருந்தது, கறுத்தபடியே விட்டிருக்கிறேன். வேலை முடிந்து வந்து படம் போடுகிறேன்.

நாணயம்67:
1925 சுமார் பத்து இலட்சம்தான் அடித்தார்கள். விளிம்பில் பிடித்து எடு, ஈரத் துணிகூடப் படக் கூடாது.