புதுப்பிப்பு: ஏற்காட்டு லித்தாப்ஸ் புது இலை விட்டுவிட்டது

ஏற்காட்டு வீட்டில் வளரும் என் லித்தாப்ஸின், அதாவது கூழாங்கல் போலத் தோன்றும் கல்செடியின், இலைகள் சுருங்குகின்றன, தண்ணீர் ஊற்றலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். ஊற்றவே வேண்டாம் என்றவர்களுக்கு மனமார்ந்த நன்றி! இரண்டு இலைகளுக்கும் நடுவிலுள்ள பிளவின் வழியே புதிய இலைச்சோடி எழுந்துவிட்டது. பழையது காகிதம்போல் காய்ந்து ஒட்டியிருக்கிறது. பழைய சோடி சேமித்த நீரைக் குடித்துத்தான் புதியது வளர்கிறது. அந்த நேரத்தில் தண்ணீர் விட்டால் பழையது வற்றாமல் தடித்து நின்று, புதியதை நெருக்கிவிடும்.

தென்னாப்பிரிக்கா, நமீபியாவின் வறண்ட கூழாங்கல் நிலத்துச் செடி இது. நம் மலையின் மூடுபனியும் சாரலும்தான் அதற்கு ஆபத்து. ஆகவே வெயில் விழும் ஜன்னலோரத்தில், பெரும்பகுதி பொடிக்கல் கலந்த தொட்டியில் வைத்திருக்கிறேன். சேலத்தில் வளர்ப்பவர்கள் கோடையின் நண்பகல் வெயிலுக்கு நிழல்வலை கட்டுங்கள். காய்ந்த தோலைப் பிய்க்காதீர்கள், உள்ளிருக்கும் இளம் இலை கீறிவிடும்.