மேகி ஸ்மித்தை நீங்கள் எங்கே பார்த்தீர்கள்?

இல்ஃபர்ட், லண்டன்

கிழக்கு லண்டனில் இல்ஃபர்டில் நம்மவர்கள் எவ்வளவோ பேர் இருக்கிறோம். ஆங்கில நடிகை மேகி ஸ்மித் பிறந்த ஊர் இதுதான் என்று எங்களில் பலருக்கு அவர் இறந்த செய்தி வந்த அன்றுதான் தெரிந்தது. 2024 செப்டம்பர் 27. பிறந்தது 1934 டிசம்பர் 28. அப்பாவுக்கு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வேலை கிடைக்க, மகளுக்கு நாலு வயதாக இருக்கும்போதே குடும்பம் அங்கே போய்விட்டது. ஆகவே ஊர்ப்பெருமை பேச எங்களுக்குப் பெரிய உரிமை ஒன்றும் இல்லை. ஆனாலும் பேசுவோம்.

நான் அவரை மேடையில் பார்த்தது 2019 இல், டவர் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் உள்ள பிரிட்ஜ் தியேட்டரில். நாடகம் 'எ ஜெர்மன் லைஃப்', எழுதியவர் கிறிஸ்டோஃபர் ஹாம்ப்டன். அப்போது மேகி ஸ்மித்துக்கு 84 வயது. பன்னிரண்டு வருடம் மேடைப் பக்கமே வராமல் இருந்துவிட்டு வந்திருந்தார். மேடையில் வேறு ஆளே இல்லை. ஒரு சமையலறை, ஒரு மேசை, ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்தபடியே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பேசுகிறார்.

பேசுகிறவள் புருன்ஹில்டே பொம்செல். நாஜிப் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸின் அலுவலகத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்தவர், 106 வயதுவரை வாழ்ந்தவர். தன் கதையை ஓர் ஆவணப்படத்துக்காகச் சொல்லியிருந்தார். அந்த வாக்குமூலத்திலிருந்துதான் நாடகம். காலையில் ஒரு யூத முதலாளியிடம் வேலை, பின்னேரம் ஒரு நாஜிக்காரரிடம் வேலை என்று இரண்டு சம்பளம் வாங்கிய காலத்தைப் பாட்டி பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டு போவார். சனம் சிரிக்கும். பிறகு ஏவா என்ற யூதத் தோழியின் பெயர் வரும். அந்தப் பெண் ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமில் செத்துப்போனாள். "எங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்கிற பேச்சு அப்புறம் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு தடவையும் அதைக் கொஞ்சம் வேறு மாதிரிச் சொல்வார் மேகி ஸ்மித். ஒரு தடவை எரிச்சலோடு, ஒரு தடவை களைப்போடு, ஒரு தடவை தானே நம்பாத மாதிரி.

இடையில் சொல் வராமல் தடுமாறுவார், கண்ணாடியைத் தடவுவார். வயதானவருக்கு வசனம் மறந்துவிட்டதோ என்று எனக்கு வயிறு கலங்கியது. எல்லாமே நடிப்பு. அந்த மேடை கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் எங்களை நோக்கி நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. கடைசியில் பார்த்தால் மனுஷி கிட்டத்தில் இருக்கிறார். என் மனிசிக்கு நாடகம் என்றாலே தூக்கம் வரும். அன்று ரயிலில் வரும்போது, "அவளுக்குத் தெரிஞ்சுதான் இருந்தது" என்று என்னோடு வாதாடிக்கொண்டே வந்தாள்.

உங்களில் யாராவது அவரை மேடையிலோ வெளியிலோ கண்டிருந்தால் எழுதுங்கள். திரையில் பார்த்ததும் சரி.

மதுரை

அண்ணா, எங்களுக்கு எல்லாம் அவர் மெக்கோனகல் டீச்சர்தான். கடைசி ஹாரி பாட்டர் 2011 இல் வந்தபோது நான் பிளஸ் டூ. கல் சிப்பாய்களை உயிரூட்டி இறக்கிவிட்டு, இந்த மந்திரத்தைப் போட்டுப் பார்க்க ரொம்ப நாள் ஆசை என்று பக்கத்தில் நிற்பவரிடம் சின்னப்பிள்ளை மாதிரி சொல்வாரே, தியேட்டரில் விசில் பறந்தது.

ஆனால் மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் 'டவுன்டன் அபே' டிவி தொடர் பார்த்தேன், அதில் அவர் ஒரு பிரபு குடும்பத்துக் கிழவி. ஒவ்வொரு காட்சியிலும் அந்தக் கிழவி ஒரு குத்தல் வசனம் பேசுவார், கேமரா மற்றவர்கள் முகத்துக்குப் போகும். ஆறு சீசனும் இதேதான். இதற்கு மூன்று எம்மி விருது, அதை வாங்கக்கூட அவர் போகவில்லை. 2016 இல் விழாவை நடத்திய ஜிம்மி கிம்மல் மேடையிலேயே அதைக் கிண்டல் பண்ணினார். எனக்கு அவர் ஒரே வேடத்தை நன்றாகச் செய்தவர் என்றுதான் தோன்றுகிறது. திட்டுவதானால் திட்டுங்கள்.

க்ராய்டன், லண்டன்

தம்பி, திட்டவில்லை. ஒரு கதை சொல்கிறேன், கேளுங்கள்.

நான் இருபது வருடத்துக்கு மேலாகக் கடை வைத்திருக்கிறேன். பால், பேப்பர், பருப்பு, சாராயம் எல்லாம் விற்கிற மூலைக்கடை. ஒரு நாள் மகள், "அப்பா, இதில் நம்மளை மாதிரி ஒரு கடைக்காரர் வருகிறார்" என்று ஒரு பழைய பிபிசி நாடகத்தைப் போட்டுக் காட்டினாள். ஆலன் பென்னட் எழுதிய 'பெட் அமங் த லென்டில்ஸ்', 1988 இல் வந்தது. ஒரு பாதிரியாரின் மனைவி கேமராவைப் பார்த்துத் தனியாகப் பேசுகிறாள். சூசன். குடிக்கு அடிமை. உள்ளூர்க் கடையில் கடன் ஏறிவிட்டதால் லீட்ஸ் வரை போய் ரமேஷ் என்ற இந்தியப் பையனின் கடையில் சரக்கு வாங்குகிறாள். அவனோடு பழக்கமாகிவிடுகிறது. கடைக்குப் பின்னால் பருப்பு மூட்டைகளுக்கு நடுவில்தான் படுக்கை.

ரமேஷைத் திரையில் ஒரு தடவையும் காட்டமாட்டார்கள். மேகி ஸ்மித் சொல்லச் சொல்ல நாம்தான் அவனைப் பார்க்கவேண்டும். நான் பார்த்தேன். அந்தப் பின்னறையின் வாசனைகூட எனக்குத் தெரியும். வெள்ளைக்காரர்கள் எழுதும் கதையில் நம்மவர் வந்தால் ஒன்று கோமாளியாக இருப்பார், இல்லாவிட்டால் பாவப்பட்டவராக இருப்பார். இதில் அவளுடைய புருஷனோ சபையோ அவளிடம் கேட்காத கேள்வியைக் கேட்கிறவன் அந்தக் கடைக்காரன்தான்: ஏன் குடிக்கிறாய்? அதை அவள் நமக்குச் சொல்லும்போது குரலை உயர்த்தவில்லை, அழவில்லை. முகம் ஏறக்குறைய வெறுமையாக இருக்கிறது. என் கடைக்கும் அப்படிச் சிலர் வருவார்கள், காலையிலேயே. பேச்சு மரியாதையாக இருக்கும், கண் மட்டும் போத்தலில் இருக்கும். அதே கண். எங்கே பார்த்துப் பழகினாரோ தெரியாது.

இதில் குத்தல் வசனம் நிறைய உண்டு, தம்பி. ஆனால் எல்லாக் குத்தும் அவள் தன்னையே குத்திக்கொள்வது.

சென்னை

நான் பிசியோதெரபிஸ்ட். இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்ட பலருக்கு நடை பழக்கியிருக்கிறேன், வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும் உண்டு. அதனால் 'த பெஸ்ட் எக்ஸாட்டிக் மேரிகோல்ட் ஹோட்டல்' படத்தில் நான் பார்த்தது முரியலை மட்டும்தான். ஊரில் அறுவை சிகிச்சைக்கு வரிசையில் காத்திருக்க முடியாமல் ராஜஸ்தானுக்கு வருகிற பெண். வெள்ளைக்கார டாக்டர்தான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறவள். நம் சாப்பாட்டைத் தொடக்கூடாது என்று வினிகரில் ஊறிய முட்டையும் வெங்காயமும் பெட்டியில் கட்டிக்கொண்டு வருவாள்.

சக்கர நாற்காலியில் உட்கார்வதில் ஒரு விஷயம் இருக்கிறது. வலி உள்ளவர்கள் ஒரு பக்கம் எடையைத் தாங்கி, தோளை இறுக்கி உட்கார்வார்கள். கோபக்காரர்கள் என்று நாம் நினைக்கிற பல நோயாளிகள் உண்மையில் வலிக்குத் தயாராக இருப்பவர்கள்தான். மேகி ஸ்மித்தின் கழுத்தைப் பாருங்கள், அவ்வளவு சரியாக இருக்கும். தான் வீட்டு நிர்வாகியாக இருந்த குடும்பம், தனக்குப் பதிலாக வந்தவளுக்கு வேலை பழக்கச் சொல்லிவிட்டுத் தன்னைக் கழற்றிவிட்டதை அவள் சொல்கிற காட்சியில்தான் அந்தத் தோள் முதல் தடவையாக இறங்குகிறது. படம் அவளைக் கொஞ்சம் சுலபமாகத் திருத்திவிடுகிறது என்பது என் கருத்து. அதற்கு நடிகை என்ன செய்வார்.

கேம்டன், லண்டன்

நான் அவரைப் பார்க்கவில்லை, அவருடைய வேனைப் பார்த்தேன்! ஆலன் பென்னட் வீட்டு முன்னிடத்தில் பதினைந்து வருடம் வேனிலேயே வாழ்ந்த மிஸ் ஷெப்பர்டின் கதை 'த லேடி இன் த வேன்'. 1999 இல் மேடையில் அதே வேடம் போட்டவர், 2015 இல் வந்த படத்திலும் போட்டார். படமெடுத்தது நிஜமாகவே அதெல்லாம் நடந்த குளோஸ்டர் கிரெசன்ட் தெருவில், அதே வீட்டில். எனக்கு அந்தப் பக்கம் டெலிவரி வேலை. மஞ்சள் பெயின்ட் அப்பிய வேனுக்காகத் தெருவை மறித்திருந்தார்கள். பார்சல் தாமதமானதற்கு வாடிக்கையாளரிடம் நான்தான் திட்டு வாங்கினேன். படம் பார்த்தபோது மன்னித்துவிட்டேன்.

டொராண்டோ

கனடாவிலும் அவருக்கு ஒரு காலம் இருந்தது, பலருக்குத் தெரியாது. 1976 முதல் 1980 வரை பல கோடைகள் ஒன்டாரியோவின் ஸ்ட்ராட்ஃபோர்ட் நாடக விழாவில் நடித்தார். ஷேக்ஸ்பியரின் கிளியோபாட்ரா, ரோசலிண்ட், லேடி மேக்பெத் வேடங்கள் எல்லாம் அங்கேதான். முதல் கணவர் ராபர்ட் ஸ்டீபன்ஸோடு மணமுறிவாகி, பெவர்லி கிராஸைக் கட்டி, இரண்டு மகன்களோடு வந்திருந்த நேரம். லண்டன் விமர்சகர்கள் அவர் கையை ஆட்டி ஆட்டி நடிக்கிறார் என்று சலித்துக்கொண்டிருந்த காலமும் அதுதான். மாணவர்களை அங்கே அழைத்துப் போனபோது, அந்த நாள்களில் பார்த்த ஒரு முதிய அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். லேடி மேக்பெத் எப்படி என்று கேட்டேன். ரோசலிண்டைப் பற்றி மட்டுமே பேசினார், அரை மணி நேரம்.

இல்ஃபர்ட், லண்டன்

மதுரைத் தம்பிக்கு. 1969 இல் வந்த 'த பிரைம் ஆஃப் மிஸ் ஜீன் பிராடி' பாருங்கள். முதல் ஆஸ்கர் அதற்குத்தான் (இரண்டாவது 'கலிஃபோர்னியா ஸ்வீட்', ஆஸ்கரில் தோற்கிற நடிகையாக நடித்து வாங்கியது). இதிலும் டீச்சர்தான், எடின்பரோவில், 1930களில். உங்கள் மெக்கோனகல் மாதிரியே விறைப்பு, அதே ஸ்காட்லாந்துப் பேச்சு. ஆனால் இந்த டீச்சர் இத்தாலியின் பாசிச சர்வாதிகாரி முசோலினியை மெச்சிக்கொண்டு, பிள்ளைகளின் தலையில் அதையே ஏற்றுகிறாள். ஒருத்தி அதைக் கேட்டு ஸ்பெயின் போருக்குக் கிளம்பிப் போய்ச் சாகிறாள்.

34 வயதில் பாசிசத்தில் மயங்கிய டீச்சர், 84 இல் கோயபல்ஸின் சுருக்கெழுத்தாளர். முதலாமவள் எல்லாம் தெரியும் என்பவள், இரண்டாமவள் ஒன்றும் தெரியாது என்பவள். இரண்டு பேர் மேலும் நமக்குக் கொஞ்ச நேரம் பிரியம் வரவைத்துவிடுகிறார், அதுதான் பயமாக இருக்கிறது. ஒரே வேடம் என்றால் எது என்று சொல்லுங்கள்.

மதுரை

சரி அண்ணா, ஜீன் பிராடி பார்த்துவிட்டு வருகிறேன். ஆனால் டவுன்டன் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்கமாட்டேன்.