கணக்கு வேலை உங்களுக்கு எப்போது பிடித்துப்போனது?

திருப்பூர்க்காரன்:
பி.காம் முடித்து, சி.ஏ. இன்டரில் ஒரு குரூப்போடு நின்றுவிட்டு பனியன் கம்பெனியில் சேர்ந்தவன் நான். டாலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் வவுச்சர் (வரவு செலவுப் பதிவு) போடுவது, பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு ஒத்துப்பார்ப்பது, பாக்கி கேட்டுப் பார்ட்டிகளுக்குப் போன் போடுவது, இவ்வளவுதான் வேலை. யாராவது கேட்டால் "ஆபீஸ்ல இருக்கேன்" என்று முடித்துக்கொள்வேன்.

ஒருநாள் முதலாளி, "ஆர்டர் நல்ல ரேட்டுக்குத்தானுங்க தம்பி புடிச்சோம், காசு எங்க போகுதுன்னு பாருங்க" என்றார். லெட்ஜரில் (கணக்குப் பேரேட்டில்) எல்லாம் சரியாகவே இருந்தது. குடோனுக்குப் போய், சரக்கோடு போய்வரும் சீட்டான டெலிவரி சலான் கட்டுகளைப் பிரித்தேன். நூல் நிட்டிங்குக்குப் (பின்னலுக்கு) போகும், துணியாகி டையிங்குக்குப் (சாயத்துக்கு) போகும், துணி சுருங்காமல் இருக்கச் செய்யும் காம்பாக்டிங் முடிந்து கட்டிங் மேஜைக்கு வரும். கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் சலானில் கிலோ எழுதியிருக்கும். டையிங்கில் எடை குறைவது சகஜம். எத்தனை சதவீதம் வரை என்று முதலிலேயே பேசிவைப்பார்கள். லாட் (ஒரே தொகுதியாகப் போகும் துணி) நம்பர் வாரியாகப் போன கிலோ, வந்த கிலோ என்று எக்செலில் ஏற்றினேன். ஃபேப்ரிக் மேனேஜர் பார்த்துவிட்டு, "பிளீச் பண்ற வெள்ளைதான் அதிகமா எடை குறையும். இதுல கருப்பு எப்படி அதையும் தாண்டுச்சு?" என்று ஒரு வரியில் விரல் வைத்தார். ஒரே ஒரு டையிங் யூனிட்டுக்குப் போன லாட்டுகள் எல்லாமே அப்படி!

குறைந்த துணிக்கான பணத்தைப் பிடித்துக்கொள்கிறோம் என்று அந்த யூனிட்டுக்கு டெபிட் நோட் போட்டோம். கொஞ்சம் சத்தம் வந்தது, அடங்கிவிட்டது. இப்போது துணி இறங்கும்போதே எடை போடுகிறார்கள். ஆர்டர் தரும் பையருக்கு ரேட் சொல்வதற்கு முன் காஸ்டிங் ஷீட் (அடக்கவிலைக் கணக்கு) என் மேஜைக்கு வருகிறது. சி.ஏ. முடிக்காத வருத்தம் இன்னும் உண்டு, பொய் சொல்ல மாட்டேன்.

மதுரை அக்கா:
நான் ஆடிட்டர் ஆபீஸ். ஜி.எஸ்.டி. வந்த 2017 ஜூலையிலிருந்து மாதம் தேதிகளாகவே ஓடுகிறது. இப்போது 11ஆம் தேதி விற்பனை விவரம் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்-1, 14ஆம் தேதி கொள்முதலில் கட்டிய வரியைக் காட்டும் 2பி, 20ஆம் தேதி வரி கட்டும் 3பி. இதில் மனநிறைவு என்றால் சிரிப்புத்தான் வரும்.

ஆனால் 2024 மார்ச்சில் எங்கள் கிளையன்ட் ஒருவர், அப்பளம் தயாரிப்பவர், பெரிய கடை ஒன்று பணம் தராமல் இழுக்கிறது என்று புலம்பினார். "அண்ணே, உத்யம் பதிவு இருக்குல்ல?" என்றேன். சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு அது. இருந்தது. வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற பிரிவு புதிதாக வந்த வருடம் அது. குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாளில் பணம் தர வேண்டும். கெடு தாண்டி, மார்ச் 31க்குள்ளும் தராவிட்டால் வாங்கியவர் அந்த வருடம் அதைச் செலவாகக் காட்ட முடியாது. (வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இது கிடையாது.) இதைச் சொல்லி அந்தக் கடைக்கு அரைப்பக்கக் கடிதம் ஒன்று தயார் செய்து கொடுத்தேன். மாதம் முடிவதற்குள் பணம் வந்துவிட்டது. மறுநாள் ஆபீசுக்கே அப்பளக் கட்டோடு வந்து நின்றார் மனுஷன்.

சென்னைவாசி:
உங்கள் இருவருக்கும் எதிரே ஆள் இருக்கிறார், சரக்கு இருக்கிறது. எனக்கு பி.பி.ஓ.வில் (வெளிநாட்டுக் கம்பெனிகளின் வேலையைச் செய்துகொடுக்கும் ஆபீஸ்) நைட் ஷிஃப்ட், வெளிநாட்டு இன்வாய்ஸ்களை எஸ்.ஏ.பி. என்ற சாஃப்ட்வேரில் ஏற்றுவது. விற்றவரையும் தெரியாது, வாங்கியவரையும் தெரியாது. சம்பளம் பரவாயில்லை என்பதால் விடவும் மனசில்லை. அடக்கவிலைக் கணக்குப் படிப்பான சி.எம்.ஏ.வில் இன்டர் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஃபேக்டரிப் பக்கம் மாறலாமா?

திருப்பூர்க்காரன்:
மாறுங்க. சம்பளம் முதலில் குறையும், அதற்குத் தயாராக இருங்கள். சேர்ந்ததும் முதல் மாதம் ஸ்டோர்ஸில் (சரக்கு இருப்பு வைக்கும் இடத்தில்) உட்கார அனுமதி கேளுங்கள். அங்கே இருக்கும் அண்ணன்மாருக்குத் தெரிந்த கணக்கு டாலியில் ஏறாது.