அடிபட்டவன் திரும்பி வந்த மேட்ச், நீங்க எங்க உக்காந்து பாத்தீங்க?

நேத்து ராத்திரி தூக்கம் வரல. போன்ல பழைய மேட்ச் கிளிப்பா தள்ளிக்கிட்டே போனப்ப ஆர்சனல் பிளேயர் ராம்சேவோட அந்த கோல் வந்துச்சு, 2014 எஃப்ஏ கப் (இங்கிலாந்து கிளப்புங்க நாக்அவுட்டா ஆடற கோப்பை) ஃபைனல். பத்து தடவையாவது ஓட்டிப் பாத்திருப்பேன். சரி இத எழுதிடலாம்னு உக்காந்துட்டேன், ஏன்னா ராம்சே விஷயத்துல எனக்கு ஒரு பழைய கடன் இருக்கு.

2010 பிப்ரவரி 27, சனிக்கிழமை ராத்திரி. நான் அப்ப காலேஜ். வேளச்சேரியில நாலு பசங்க சேந்து ஒரு மாடி போர்ஷன் எடுத்திருந்தோம், டிவி ஹவுஸ் ஓனர் அம்மாவோடது, கேபிள் காசு மட்டும் எங்களோடது. ஆர்சனலுக்கு ஸ்டோக் டீம் கூட அவனுங்க ஊர்ல மேட்ச். ஸ்டோக்னாலே ஆர்சனல்காரனுக்கு வயித்த கலக்கும், அவனுங்க ஆடறது ஃபுட்பாலா கபடியானு அந்த ஆண்டவனுக்கே தெரியாது. 1-1ல போயிட்டிருந்துச்சு. நடு கிரவுண்டுல ஒரு சாதாரண பால், ராம்சே தட்டி விட்டுட்டான், ஸ்டோக் டிஃபெண்டர் ஷாக்ராஸ் லேட்டா வந்து கால வீசினான். அவ்ளோதான். கீழ்க்கால் ரெண்டு எலும்பும் போச்சு. நான் கால பாக்கல, மத்த பிளேயருங்க மூஞ்சிய தான் பாத்தேன், தலைல கை வச்சுக்கிட்டு ஆளுக்கொரு பக்கமா திரும்பி நடக்கறானுங்க. ஷாக்ராஸே ரெட் கார்டு வாங்கிட்டு அழுதுக்கிட்டே வெளிய போனான். ராம்சேக்கு அப்ப 19 வயசு, எனக்கும் 19. கடைசில நாம 3-1 ஜெயிச்சோம், ஆனா ரூம்ல ஒருத்தன் கூட கத்தல. ரெண்டு வருஷம் முன்னாடி இதே பிப்ரவரி 23ந்தேதி தான் பர்மிங்காம்ல நம்ம எடுவார்டோ கால் போச்சு. அதுலேருந்து பிப்ரவரி கடைசி வாரம் மேட்ச் இருந்தாலே எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

அப்புறம் வந்தான். நாட்டிங்காம் ஃபாரஸ்ட் கிளப்புக்கு லோன் (கொஞ்ச நாள் ஆட அனுப்பறது), பழைய ஊரு கார்டிஃப்புக்கு லோன், அப்டியே திரும்பி வந்து 2011 மே 1 மான்செஸ்டர் யுனைடெட்ட 1-0 அடிச்சப்ப அந்த ஒரு கோலும் அவன் தான். சரி ஆளு வந்துட்டான்னு நெனச்சோம். வரல. அடுத்த ரெண்டு சீசன் இருக்கே, ஐயோ. அஞ்சடி பாஸ் வெளிய போகும், ஷாட் அடிச்சா கேலரிக்கு போகும், நடுவுல ஆடுற பையன ரைட் விங்ல கொண்டு போய் நிறுத்தி அங்க அவன் திருதிருன்னு முழிப்பான். அப்ப தான் நான் ஒரு ஃபேன் பேஜ்ல போய் எழுதினேன், "இவனுக்கு கால் சேந்துடுச்சு, மூளை தான் இன்னும் சேரல"னு. நாப்பது லைக் வேற. பெருமையா ரூம்மேட்டுக்கு காட்டினேன்.

2013 ஆகஸ்ட்ல சீசன் தொடங்கினதும் வேற ஆளா வந்து நின்னான். தொட்டதெல்லாம் கோல். செப்டம்பர்ல நம்ம கிரவுண்டு எமிரேட்ஸ்ல ஸ்டோக் வந்தப்ப அஞ்சாவது நிமிஷத்துலயே அவனுங்களுக்கே ஒண்ணு போட்டான் (ஓசிலோட முதல் ஹோம் மேட்ச் அது, ஆனா எனக்கு ஓசில் ஞாபகமே இல்ல). டிசம்பர் 26 வெஸ்ட் ஹாம் மேட்ச்ல தொடைல பிடிச்சுக்கிச்சு, ஏப்ரல் வரைக்கும் ஆள் இல்ல. எனக்கு மறுபடி பழைய பயம்.

மே 17 ஃபைனல். அதுக்கு முந்தின நாள் தான் லோக்சபா தேர்தல் ரிசல்ட், நான் ஊருக்கு போயிருந்தேன், வீடு பூரா சொந்தக்காரங்க, எல்லாரும் அதே பேச்சு. ஒன்பதரைக்கு மேட்ச். அப்பா ஹால்ல தான் படுத்திருக்காரு, டிவி சவுண்ட சுத்தமா கொறச்சுட்டு தரைல உக்காந்தேன். பத்து நிமிஷம் ஆகல, ஹல் சிட்டி 2-0. மூணாவதும் போயிருக்கும், நம்ம கிப்ஸ் கோல் லைன்ல நின்னு தலையால வெளிய தள்ளினான். கசோர்லா ஃப்ரீகிக்குல ஒண்ணு, கோசியல்னி ஒண்ணு, எக்ஸ்ட்ரா டைம். 109வது நிமிஷம் ஜிரூ குதிகாலால பின்னாடி தட்டினான், ராம்சே ஓடி வந்து நிறுத்தாம வலது கால் வெளிப்பக்கத்தால ஒரு தட்டு. வலது கால்ங்க. உடைஞ்சது அது தான். ஒன்பது வருஷம் கப்பே இல்லாம கெடந்தவனுக்கு என்ன ஆகும்? "டேய்ய்ய்"னு கத்திட்டேன். அப்பா பதறி எழுந்து "என்னடா, கரண்டு போச்சா?"ன்றாரு. எதிர்ல டிவி ஓடிட்டிருக்கு.

எல்லாம் முடிஞ்சு ஒரு மணிக்கு மொட்டை மாடில உக்காந்து அந்த பழைய கமெண்ட தேடி எடுத்து அழிச்சேன். 2017 ஃபைனல்ல செல்சிக்கு எதிரா மறுபடி அவனே வின்னர் போட்டப்ப அழிக்க வேண்டியது ஒண்ணும் இல்ல, நிம்மதியா கத்தினேன்.

உங்க கதைய போடுங்க, எந்த டீமா இருந்தாலும் சரி.

---

அண்ணை, நீங்கள் கசோர்லான்ர ஃப்ரீகிக்க ஒரு வரியில தாண்டிட்டியள், அதான் எழுத வந்தனான்.

நான் லண்டன்ல இருக்கிறன். 2016 ஒக்டோபர் 19, பல்கேரியா கிளப் லுடோகோரெட்ஸோட ஆர்சனல் மட்ச், மச்சானுக்கு வேலையில யாரோ ரெண்டு டிக்கெட் குடுத்தவை. புதன்கிழமை, குளிர். ஆர்சனல் ஸ்டேஷன்ல இறங்கி வெளியால வர வெங்காயம் வதக்கிற மணம் ஒண்டு வரும், பேர்கர் கடைக்காரர் ரோட்டோரம் நிண்டு போடுறவை, அந்த மணம் தான் எனக்கு மட்ச் நாள். 6-0 அடிச்சம், ஓசில் ஹட்ரிக். எல்லாரும் ஓசிலப் பற்றித்தான் கதை. ரெண்டாவது பாதியில கசோர்லா காலப் பிடிச்சுக்கொண்டு வெளியால போனவர், நாங்களும் வழமை போல கை தட்டினாங்கள், பிறகு நான் கோப்பி வாங்கப் போட்டன். ஆர்சனலுக்கு அவர் ஆடின கடைசி மட்ச் அது எண்டு அந்த ஸ்டேடியத்தில ஒருத்தருக்கும் தெரியாது. கோப்பி வாங்க போனத நினைச்சா இப்பவும் எரிச்சல் வரும்.

பிறகு தான் செய்தி ஒவ்வொண்டா வந்தது. ஒப்பரேசன் செய்த இடத்தில கிருமி தொத்தி, தசை அழுகி, குதிகால் தசைநாரில பல சென்டிமீட்டர அது திண்டுட்டுதாம். கையில மகள்ட பேர் பச்சை குத்தியிருந்த தோல எடுத்து கணுக்காலில ஒட்டினவை, அந்தப் படம் பாத்திருப்பியள். மகனோட தோட்டத்தில நடந்தாலே சந்தோசப்படும் எண்டு டொக்டர் சொன்னவராம். மனுசன் 2018ல ஸ்பெயின் கிளப் வில்லாரியலுக்கு ஆட வந்திட்டார், 2019ல ஸ்பெயின் டீமுக்கும் திரும்பக் கூப்பிட்டவை. அதோட விட்டவரோ? இல்லை. 2023ல தான் சின்னனில ஆடிப் பழகின ஒவியேடோவுக்குப் போய், சும்மாவே ஆடுறன் எண்டு நிண்டவர், லீக் விதி விடாதபடியா ஆகக் குறைஞ்ச சம்பளம் வாங்கினவர். 2025 ஜூன்ல பிளேஓஃப் ஃபைனல், ஒரு கோல் பின்னால நிக்கேக்க பெனால்டி, 40 வயசில அவரே அடிச்சார். ஒவியேடோ 24 வருசத்துக்குப் பிறகு ஸ்பெயின்ர முதல் டிவிசன் லா லிகாவுக்கு ஏறினது. நான் வேலை முடிஞ்சு பஸ்ஸில இருந்து போன்ல பாத்தனான், பக்கத்தில இருந்த வெள்ளைக்காரக் கிழவி டிஷ்யூ எடுத்துத் தந்தா.

---

ஆர்சனல் ஆளுங்க எல்லாம் ஒரே எடத்துல சேந்து அழுவறீங்க போல. நான் பிரேசில் ஜி, அதுவும் பழைய ரொனால்டோ. இப்ப இருக்கற பசங்களுக்கு "குண்டா இருப்பாரே, அவரா"னு தான் தெரியும், கடுப்பாவுது.

1999 நவம்பர்ல முட்டி போச்சு. அஞ்சு மாசம் கழிச்சு 2000 ஏப்ரல் 12, ரோம்ல லாசியோ கூட இன்டர் மிலனுக்கு இத்தாலி கப் ஃபைனல், சப்ஸ்டிட்யூட்டா எறங்கினாரு. ஆறேழு நிமிஷம் தான். பால காலுக்கடியில வச்சு அந்த பழைய ஸ்டெப் போட போனாரு, முட்டி அப்டியே வுட்டுச்சு, யாரும் தொடக்கூட இல்ல. கத்தினாரு பாரு, அத பாத்தவன் எவனும் மறக்க மாட்டான். அடுத்த சீசன் முழுசா ஒரு மேட்ச் கெடையாது. இனிமே அவ்ளோதான்னு எல்லா பேப்பர்லயும் எழுதிட்டானுங்க.

2002 ஜூன் 30 ஞாயித்துக்கெழம சாயங்காலம் நாலரைக்கு வேர்ல்ட் கப் ஃபைனல். எங்க வடசென்னை ஏரியால ஃபுட்பால்னா ஊர் திருவிழா மாதிரி, கிளப் வாசல்ல டிவிய தூக்கி வெளிய வச்சு தெருவே உக்காந்துச்சு. ஸ்கூல் பையன் நான், முன் வரிசைல தரைல. முந்தின மேட்ச்லயே அவரு முன் மண்டைல மட்டும் முக்கோணமா முடி விட்டுட்டு வந்தாரு இல்ல, எங்க தெரு பையன் ஒருத்தன் சனிக்கெழமயே சலூன்ல போய் அதே மாரி வெட்டிக்கினு வந்துட்டான், சலூன்காரரு ரெண்டு தடவ கேட்டாராம், "வூட்ல தெரியுமாடா?"னு. ஜெர்மனி கீப்பர் ஒலிவர் கான் கைல ஒட்டாம ஒரு பால் நழுவுச்சு, ரொனால்டோ ஓடி வந்து சொருவிட்டாரு. ரெண்டாவது ரிவால்டோ தொடாம கால விரிச்சு விட்ட பால். மொத்தம் 8 கோல் அந்த வேர்ல்ட் கப்ல. பசங்க எல்லாம் அந்த முக்கோண மண்டைய தோள்ல தூக்கிக்கினு மெயின் ரோடு வரைக்கும் ஓடினோம், திங்கக்கெழம அவனுக்கு ஸ்கூல்ல செம மாத்து, முழுசா மொட்ட அடிச்சுட்டு தான் உள்ள விட்டாங்க. காலப் பத்தியே எல்லாரும் கேட்டுக்கினு இருந்தாங்க, அத மறக்க வைக்கத்தான் அப்டி வெட்டினேன்னு ரொனால்டோ பின்னாடி சொன்னாரு. எங்க பையனுக்கு அந்த மாரி காரணம் ஒண்ணும் இல்ல.

---

வணக்கமுங்க, கோயமுத்தூர். லிவர்பூல் ஃபேனுன்னு தெரிஞ்சா அடிக்க வந்துராதீங்க.

நான் மேட்ச் கதைய விட என்ற முட்டி கதைய சொல்லோணும். போன வருசம் டர்ஃப்ல ஆடிட்டு இருந்தேன், ஒருத்தனும் மோதலீங்க, சும்மா திரும்பினேன், ஸ்டட் புல்லுல மாட்டிக்கிச்சு, உடம்பு திரும்புச்சு முட்டி திரும்பல. உள்ளுக்குள்ள "டப்"புனு ஒரு சத்தம். முட்டி எலும்புகள கட்டி வச்சிருக்கற முன் லிகமெண்ட் முழுசா கிழிஞ்சுருச்சு. தொடைக்கு பின்னாடி இருந்து தசைநார் எடுத்து முட்டிக்குள்ள மாட்டினாங்க. முதல் ரெண்டு வாரம் ஒரே வேல, முட்டிக்கடியில துண்ட சுருட்டி வச்சுட்டு அத அமுக்கோணும், பத்து எண்ணோணும், அவ்ளோதான். தொடைய இஞ்ச் டேப்ல அளந்தா மத்த தொடைய விட ஒன்ற இஞ்சு கம்மி. எங்கம்மா பாத்துட்டு ஆட்டுக்கால் சூப்பா வச்சு ஊத்துனாங்க.

மூணாவது மாசம் வலியே இல்லீங்க. ஓடலாம் போல இருந்துச்சு. பிசியோ அப்பத்தான் திட்டினாரு. புதுசா வச்ச தசைநார உடம்பு மொதல்ல கரைச்சு, ரத்த ஓட்டம் குடுத்து, அப்புறந்தான் லிகமெண்டா மாத்துமாம், அதனால நல்லா இருக்குதுன்னு நமக்கு தோணற நேரத்துல தான் அது ரொம்ப வீக்கா இருக்கும்னாரு. 9 மாசம் முடியோணும், ஒத்தக்கால்ல தாவுனா ரெண்டு காலும் கிட்டத்தட்ட ஒரே தூரம் போகோணும், அது வரைக்கும் பால தொடாதேன்னுட்டாரு.

அப்பத்தான் லிவர்பூல் டிஃபெண்டர் வான் டைக் அருமை தெரிஞ்சுதுங்க. 2020 அக்டோபர் 17 எவர்டன் மேட்ச்ல அவங்க கீப்பர் பிக்ஃபோர்ட் வந்து விழுந்து அதே லிகமெண்ட். அடுத்த மே மாசம், யூரோ கோப்பைக்கு நான் வரலைன்னு அவரே சொல்லிட்டாரு, அத்தன பெரிய டோர்னமெண்ட். அப்ப எனக்கு என்னடா இவன் பயப்படறான்னு இருந்துச்சு. ஆகஸ்ட்ல நார்விச் கூட திரும்ப இறங்கினாரு, அந்த சீசன் ரெண்டு கப்பு, சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் வேற. இப்ப அந்த நார்விச் மேட்ச மறுபடி போட்டு பால பாக்காம அவரு முட்டிய மட்டும் பாத்துட்டு இருக்கேன், எந்த பக்கம் திரும்பறாரு, எந்த கால ஊனுறாருன்னு. வீட்ல என்னை ஒரு மாதிரி பாக்கறாங்க.

இப்ப எட்டாவது மாசமுங்க. பசங்க சனிக்கிழமை கூப்பிடறாங்க, சும்மா கோல் கீப்பரா நில்லுன்னு.

---

இவ்ளோ ஆர்சனல் கதைல டியாபி பேர ஒருத்தரும் சொல்லலியே? 2006 மே 1, சண்டர்லாண்ட்ல மேட்ச் முடியப்போற நேரத்துல ஒரு வெட்டு, கணுக்கால். 19 வயசு தான் அவனுக்கும். அதுக்கப்புறம் ஒண்ணு சரியானா இன்னொண்ணு, நாப்பதுக்கும் மேல காயம்னு எண்ணி வச்சிருக்காங்க. 2012 செப்டம்பர் 2, லிவர்பூல் கிரவுண்டு ஆன்ஃபீல்டுல நடந்த மேட்ச் யாராவது பாத்தீங்களா? 2-0 ஜெயிச்சோம், பொடோல்ஸ்கியும் கசோர்லாவும் கோல், ஆனா அன்னிக்கு கிரவுண்டு டியாபியோடது. பால கால்ல வச்சுக்கிட்டு நடந்தே மூணு பேர தாண்டுவான். நான் சிங்கப்பூர்ல ஒரு கோப்பிக்கடைல நின்னுக்கிட்டே பாத்தேன், பக்கத்துல இருந்த லிவர்பூல்கார சீனர் கூட தலைய ஆட்டினார். அதே மாசக் கடைசில செல்சி மேட்ச்ல மறுபடி போயிட்டான். அவ்ளோதான், எனக்கு கதை அதோட முடிஞ்சுது.

---

முதல்ல ராம்சே கதை எழுதினவன் தான் பேசறேன். டியாபி கதைய போட்டு நல்லா இருந்தவன அழ விட்டுட்டீங்க. அந்த ஆன்ஃபீல்டு மேட்ச் நான் பாக்கலங்க, அக்கா நிச்சயதார்த்தம், பந்தில சாம்பார் வாளி தூக்கிட்டு இருந்தேன், மறுநாள் ஹைலைட்ஸ் தான். அதுல அவன் பால வாங்கி திரும்பறத மட்டும் நாலு தடவ காட்டினாங்க.

லண்டன் அண்ணா, கசோர்லா ஃப்ரீகிக் பத்தி தனியா ஒரு பத்தி எழுதறேன், மன்னிச்சுக்கோங்க.

கோயமுத்தூர் தம்பி, கீப்பர்னா தாவணும், குதிக்கணும், விழணும். உங்க பசங்க அத "சும்மா நில்லு"ன்றாங்க. சனிக்கிழமை போங்க, ஆனா பூட்ஸ் வீட்லயே இருக்கட்டும், செருப்போட போய் பெஞ்சுல உக்காந்து ஸ்கோர் எழுதுங்க. மாசம் ஒன்பது முடிஞ்சதும் இங்க வந்து சொல்லுங்க.