மைல்டு ஸ்டீலுக்கு யங் குணகம் 25 ஜிகாபாஸ்கல்தான் வருகிறது, தவறு எங்கே?

கேள்வி

சோதனைத் துண்டு 10 மி.மீ விட்டம், 50 மி.மீ கேஜ் நீளம் (நீட்சியை அளக்கக் குறித்த பகுதி), அதே விட்டத்தில் 60 மி.மீ நீளச் சீரான தண்டு. யுடிஎம்மில் (இழுத்துச் சோதிக்கும் இயந்திரம்) 19.6 கிலோநியூட்டன் வரும்போது கிராஸ்ஹெட் (துண்டை இழுக்கும் நகரும் சட்டம்) 0.5 மி.மீ நகர்ந்திருந்தது. 250 மெகாபாஸ்கல் தகைவை (விசை ÷ பரப்பு) 0.01 திரிபால் (நீட்சி ÷ நீளம்) வகுத்தால் யங் குணகம் 25 ஜிகாபாஸ்கல். லோட் செல்லை (விசையை அளக்கும் உணரி) சரிபார்த்தாயிற்று. இந்தச் சுமை-நகர்வு வரைபடத்தை அபாகஸில் (Abaqus, கணினியில் பொருள்களின் வளைவு, நெகிழ்வைக் கணக்கிடும் மென்பொருள்) கொடுக்க வேண்டும். எக்ஸ்டென்சோமீட்டர் (துண்டிலேயே மாட்டி நீட்சியை அளக்கும் கருவி) பொருத்தவில்லை.

பதில் 1

லோட் செல்லில் குறையே இல்லை. 200 ஜிகாபாஸ்கல் எஃகு அந்தத் தகைவில் 50 மி.மீட்டருக்கு 0.0625 மி.மீதான் நீளும், ஏ4 தாளின் கனம்கூட இல்லை. மிச்சம் 0.44 மி.மீ பெரும்பாலும் இயந்திரச் சட்டம் வளைந்தது, ஸ்க்ரூவின் தளர்வு, கிரிப் பற்கள் உலோகத்தில் இறங்கியது.

குணகம் வேண்டுமென்றால் எக்ஸ்டென்சோமீட்டர் மாதிரி துண்டிலேயே அளக்கும் கருவி இல்லாமல் முடியாது. 1 கிலோநியூட்டன் முன்சுமை கொடுத்து, அங்கே பூஜ்ஜியம் வையுங்கள். 12 கிலோநியூட்டன் வரை ஏற்றி இறக்கி, இரண்டாம் ஏற்றத்தின் சரிவை எடுங்கள். பிறகு கருவியைத் துண்டின் எதிர்ப்பக்கத்தில் மாட்டி மறுபடி எடுத்துச் சராசரி பாருங்கள். துண்டு சற்றுக் கோணலாக நின்றாலும் வளைவு வந்து, ஒரு பக்க அளவு பொய் சொல்லும். துண்டு அறுவதற்கு முன் கழற்றிவிடுங்கள், அந்த அதிர்ச்சியில் கத்திமுனை போய்விடும்.

பதில் 2

குணகத்தை விட்டால், வரைபடத்தின் பிளாஸ்டிக் பகுதியை (துண்டு நிரந்தரமாக நெகிழும் பகுதி) காப்பாற்றலாம். நேர்க்கோட்டுச் சரிவு 39.2 கிலோநியூட்டன்/மி.மீ (தொடக்கத்து வளைவைச் சேர்க்காதீர்கள்). ஒவ்வொரு புள்ளியிலும் சுமையை இதால் வகுத்து, நகர்விலிருந்து கழியுங்கள். உதாரணமாக 33 கிலோநியூட்டன் உச்சத்தில் 12.7 மி.மீ நகர்வு என்றால், 0.84 போக 11.86 மி.மீ. இதை 60ஆல் வகுக்க வேண்டும், 50ஆல் அல்ல. நெகிழ்வது முழுத் தண்டும். 0.198 வரும். மீள்திரிபு (சுமையை எடுத்தால் மறையும் திரிபு) 0.002 சேர்த்தால் 0.20.

கேள்வி கேட்டவர்

நன்றி. அபாகஸில் இந்த 0.20, 420 மெகாபாஸ்கலை அப்படியே போடலாமா?

பதில் 3

கூடாது. அபாகஸ் கேட்பது உண்மைத் தகைவு, அதாவது துண்டு மெலிந்தபின் உள்ள பரப்பால் வகுத்தது: 420 × 1.20 = 504. உண்மைத் திரிபு மடக்கை (1.20) = 0.182, இயல் மடக்கை. அதில் 504/200000ஐக் கழித்தால் பிளாஸ்டிக் திரிபு 0.180. அட்டவணையின் முதல் வரியில் பிளாஸ்டிக் திரிபு பூஜ்ஜியம், தகைவு கீழ் இணக்கப் புள்ளியினுடையது (எஃகு நெகிழத் தொடங்கும் மேல் இணக்கப் புள்ளிக்குப் பின் சுமை சற்று இறங்கி நிற்கும் இடம்). மேல் இணக்கப் புள்ளியைப் போட்டால் அட்டவணையில் தகைவு இறங்கும், கணக்கு ஒருங்காமல் திணறும்.

இந்தச் சூத்திரங்கள் உச்சச் சுமை வரைதான். அதன்பின் கழுத்து விழுகிறது (துண்டு ஓரிடத்தில் மட்டும் மெலிகிறது), திரிபு சீராக இல்லை. அட்டவணையை அங்கேயே நிறுத்தினால் அபாகஸ் தகைவை அதே அளவில் வைத்துக்கொள்ளும். மாதிரியில் கழுத்து சட்டென்று சுருங்கிவிடும். உண்மைத் தகைவு = K × (உண்மைத் திரிபு)^n என்ற சூத்திரத்தில், உச்சத்தில் n = 0.182 என்று வைத்தால் K = 687 மெகாபாஸ்கல்; 0.5 திரிபில் சுமார் 606. அந்த வரிகளைச் சேர்த்து ஓட்டி, சோதனையின் சுமை-நகர்வு வரைபடத்தோடும் முறிந்த கழுத்தின் விட்டத்தோடும் ஒப்பிட்டுத் திருத்துங்கள்.

பதில் 2

ஒன்று விட்டுப்போனது. கிரிப் பிடித்த முனையைப் பாருங்கள். பல் தடம் குழிகளாக இருந்தால் சரி. கோடுகளாக இழுபட்டிருந்தால் துண்டு வழுக்கியிருக்கிறது. வரைபடத்திலும் சுமை திடீரென இறங்கி ஏறியிருக்கும். அப்படியானால் என் கழித்தல் முறை செல்லாது, புதுத் துண்டில் மறுபடி இழுக்க வேண்டியதுதான்.