ஆடிப்பெருக்கன்று உதவி மேசை: ஆள் தேவை

உறவுகளுக்கு வணக்கம். கும்பகோணத்துக்குக் கிழக்கே, அரசலாற்றங்கரை ஊரிலிருந்து எழுதுகிறேன். ஆடி 18 அன்று எங்கள் படித்துறைக்கு ஊரே வந்துவிடும். காப்பரிசி, காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு என்று பெண்கள் கூட்டம் அலைமோதும். அந்தக் கூட்டம் கலைவதற்குள் அரசமரத்தடியில், அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வழிகாட்டும் ஓர் உதவி மேசை போட நான்கு பேர் முடிவு செய்திருக்கிறோம்.

எங்கள் தெருவில் கணவரை இழந்த அக்கா ஒருவர் நடவுக்குப் போய் இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்கிறார். மிஷன் வாத்சல்யா என்ற ஒன்றிய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. கிராமம் என்றால் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அவருக்கு இது தெரியாது. எனக்கே போன மாதம்தான் தெரிந்தது, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கல்லூரிப் பிள்ளைகள் பாடு பரவாயில்லை. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் உதவித்தொகைகள் பற்றி அவர்களே பேசிக்கொள்கிறார்கள்.

மிஷன் வாத்சல்யா உதவித்தொகைக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பம் கொடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? என்னென்ன சான்றிதழ்கள் கேட்டார்கள், எத்தனை முறை அலையவேண்டியிருந்தது என்று எழுதுங்கள். அன்று நேரில் வந்து படிவம் நிரப்பித் தந்தால் இன்னும் நல்லது.

பத்தாவதோடு நின்றுவிட்ட பையன்கள் ஏழெட்டுப் பேர் பாலத்துக் கட்டையிலேயே பொழுதைக் கழிக்கிறார்கள். அறிவுரை மூட்டையை அவிழ்க்காமல் அவர்களோடு பேசத் தெரிந்த ஒருவரும் வேண்டும். (என்னைக் கண்டாலே எழுந்து போய்விடுகிறார்கள்.)

தண்ணீர் வேகமாக வரும் நாள் என்பதால், படித்துறையில் நிற்க நீச்சல் தெரிந்த தம்பிகள் இருவர் வந்தால் பெரிய உதவி. நாற்காலியும் நீர்மோரும் எங்கள் பொறுப்பு.